காட்டக் காட்டத் தேயும்

கிழக்குப் பார்த்து நிற்கும் ஒரு நடுகல்லைக் காலை எட்டு மணிக்குப் பார்ப்பவருக்கு அது வெறும் பலகைக் கல். வெயில் நேராக அதன் முகத்தில் அடிக்கிறது. மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே வெளிச்சம். வில்லேந்திய வீரனின் உருவம் மங்கலாகத் தெரியலாம், எழுத்து தெரியாது. பதினொன்றரை மணிக்கு வந்தால் அதே கல் வேறு கல்லாகியிருக்கும். சூரியன் தலைக்கு மேல் ஏறிவிட்டதால் கதிர்கள் கல்லின் முகத்தை உரசிக்கொண்டு கீழே இறங்குகின்றன. ஒரு மில்லிமீட்டர் ஆழமே உள்ள கீறலுக்கும் இப்போது ஒரு நிழல் கிடைத்துவிடுகிறது. வட்டெழுத்துகள் ஒவ்வொன்றாகத் துலங்கத் தொடங்குகின்றன.

வயலில் நிற்கும் கல்லைப் படிப்பவர்கள் இந்த நேரத்துக்காகக் காத்திருப்பார்கள். இல்லையென்றால் ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி மைப்படி எடுப்பார்கள். காட்சிக்கூடத்துக்குள் சூரியன் வராது. அங்கே அந்தப் பதினொன்றரை மணியை ஒரு விளக்குதான் கொண்டுவர வேண்டும். கல்லுக்கு எதிரே விளக்கைப் பொருத்தினால் காலை எட்டு மணிதான் கிடைக்கும். கல்லின் தலைக்கு மேலேயோ பக்கத்திலேயோ, அதன் முகத்தை ஒட்டினாற்போல வைத்து, 15, 20 பாகை சாய்வில் ஒளி விழச்செய்தால் எழுத்து பேசும்.

மாரண்டஹள்ளி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர் எனப் பழைய தகடூர் நாடு, அதாவது இன்றைய தர்மபுரி வட்டாரம், நடுகற்களுக்குப் பேர்போனது. ஆநிரை கவரப் போயோ, மீட்கப் போயோ, புலியோடு பொருதோ மாண்டவர்களுக்கு ஊரார் எடுத்த கற்கள் இவை. பல இடங்களில் இவற்றுக்கு இன்றும் வேடியப்பன் என்ற பெயரில் பொங்கல் வைக்கிறார்கள். சில கற்கள் தர்மபுரி நகரத்து அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. மாரண்டஹள்ளியில் ரயிலேறிப் பாலக்கோட்டைத் தாண்டித் தர்மபுரியில் இறங்குகிற பள்ளிப் பிள்ளைகள் அங்கே பார்ப்பது அசையாமல் நிற்கும் கற்களை மட்டும்தான். ஒரு பொருளைக் கூடத்துக்குள் கொண்டுவந்து, தூக்கி நிறுத்தி, வெளிச்சம் போட்டு, பெயர்ப்பலகை வைப்பதற்குள் நடக்கும் வேலை யார் கண்ணிலும் படுவதில்லை.

அந்த வேலையின் நடுவே தீராத ஒரு முரண் இருக்கிறது. பொருளைக் காட்டினால் அது கெடும்; காட்டாவிட்டால் அதை வைத்திருந்து பயனில்லை. எவ்வளவு காட்டலாம், அதற்காக எவ்வளவு இழக்கலாம் என்று கணக்குப் பார்த்துச் செலவழிப்பதுதான் காட்சி அமைப்பவரின் தொழில். அந்தக் கணக்கு கல்லுக்கு ஒன்று, துணிக்கு ஒன்று, வெண்கலத்துக்கு இன்னொன்று.

முக்கால் டன்னை நிறுத்துவது

முதலில் எடை. கருங்கல் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2.7 டன் இருக்கும். ஒன்றரை மீட்டர் உயரம், ஒரு மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் கனம் உள்ள ஒரு நடுகல் என்றால் 0.3 கன மீட்டர். எடை 810 கிலோ. ஆட்களைக் கூட்டித் தோள்கொடுத்துத் தூக்கும் சமாச்சாரம் அல்ல. முக்காலி நட்டு, செயின் பிளாக் மாட்டி, அகலமான நைலான் பெல்ட்டால் கட்டித் தூக்க வேண்டும். இரும்புச் சங்கிலி நேரடியாகக் கல்லில் பட்டால் ஓரம் பெயர்ந்துவிடும்.

வண்டியில் ஏற்றும்போது இன்னொரு ஆபத்து. கல் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. இரண்டு முனைகளில் மட்டும் கட்டை கொடுத்துப் படுக்க வைத்தால், நடுப்பகுதி தன் எடையாலேயே வளையப் பார்க்கும், அடிப்பக்கம் இழுபடும். கண்ணுக்குத் தெரியாத பழைய விரிசல் ஒன்று இருந்தால் கல் அங்கேயே இரண்டாகிவிடும். அதனால்தான் பலகைக் கல்லை மணல் பரப்பிய தளத்தில் முழு உடம்பும் படும்படி படுக்க வைக்கிறார்கள். அல்லது நிமிர்த்தி, அசையாமல் முட்டுக்கொடுத்து எடுத்துப்போகிறார்கள்.

கூடத்துக்கு வந்ததும் தரையின் முறை. அந்த 810 கிலோவும் ஒரு மீட்டருக்கு 20 சென்டிமீட்டர் அளவுள்ள அடிப்பக்கத்தில் இறங்குகிறது. சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால் நான்கு டன். பொதுக்கூடங்களின் மாடித் தளங்களைச் சதுர மீட்டருக்கு 400, 500 கிலோ தாங்கும்படிதான் பொதுவாகக் கட்டுகிறார்கள். பெரும்பாலான அருங்காட்சியகங்களில் கற்சிற்பங்கள் தரைத்தளத்திலும் ஓவியங்களும் நாணயங்களும் மாடியிலும் இருப்பதற்கு இதுவே காரணம்.

நிறுத்திய கல்லை எதைக்கொண்டு பிடித்து வைப்பது? சிமென்ட்தான் சட்டென்று நினைவுக்கு வரும். அதன் விளைவுக்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய பாடம் இருக்கிறது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் அமராவதி ஸ்தூபியின் சுண்ணாம்புக்கல் பலகைகள் 1880களில் சிமென்ட் வைத்துச் சுவரில் பதிக்கப்பட்டன. பார்வைக்கு உறுதியான ஏற்பாடு. ஆனால் சுவரில் ஏறும் ஈரம் செங்கல்லிலும் சிமென்டிலும் உள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு கல்லுக்குள் நுழைகிறது. கல்லின் முகத்தருகே வந்ததும் தண்ணீர் ஆவியாகிறது; உப்பு அங்கேயே படிகமாகிறது. வளரும் படிகம் கல்லின் நுண்துளைகளை உள்ளிருந்து நெம்பும். மேற்பரப்பு மாவாக உதிரும். செதுக்கல் இருப்பது அந்த மேற்பரப்பில்தான். சரி, பெயர்த்து எடுத்துவிடலாம் என்றால் சிமென்ட் கல்லைவிட இறுகிப்போயிருக்கும். பெயர்க்கும்போது சிற்பமும் சேர்ந்து பெயரும்.

இன்று உலகெங்கும் காட்சி அமைப்பவர்கள் கடைப்பிடிக்கும் முதல் விதி இப்படிப்பட்ட அனுபவங்களிலிருந்து வந்தது: இன்று செய்வதை நாளை இன்னொருவர் பொருளுக்குச் சேதமில்லாமல் அவிழ்க்க முடியவேண்டும். ஆகவே சிமென்டுக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகுத் தாங்கிகள், கல்லும் எஃகும் தொடும் இடத்தில் மெத்தென்ற பட்டை, கல்லுக்கும் பீடத்துக்கும் இடையே ஈரம் ஏறாமல் தடுக்கும் படலம்.

வேடியப்பனாக இருந்து வந்த கல்லில் எண்ணெய்ப் பிசுக்கும் குங்குமமும் சுண்ணாம்புப் பூச்சும் அப்பியிருக்கும். கம்பித் தூரிகையும் அமிலமும் ஒரு மணி நேரத்தில் அதைப் பளிச்சென்று ஆக்கிவிடும், எழுத்தையும் சேர்த்து அழித்துவிடும். மூங்கில் குச்சி, மெல்லிய தூரிகை, தண்ணீர் என்று பொறுமையாகப் போவதே முறை. எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டுமா என்பது தனிக் கேள்வி. எண்ணெய்ப் படிவும் அந்தக் கல்லின் வரலாறுதான் என்று கொஞ்சத்தை அப்படியே விட்டுவைப்பவர்கள் உண்டு.

ஒளிக்கு ஒரு பேரேடு

கல்லுக்கு வெளிச்சத்தால் கேடில்லை. துணி, ஓலை, தாள், நீர்வண்ணம் ஆகியவற்றின் கதை வேறு. ஒளியின் ஆற்றல் சாய மூலக்கூறுகளின் பிணைப்புகளை உடைக்கிறது. புற ஊதாக் கதிர் இதில் மோசமானது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் குற்றமற்றதல்ல. 1888இல் இங்கிலாந்தில் ரஸ்ஸல், ஆப்னி என்ற இரு விஞ்ஞானிகள் நீர்வண்ண ஓவியங்கள் வெளுப்பதைச் சோதித்து அறிக்கை தந்தார்கள். காற்றையும் ஈரத்தையும் நீக்கிய கண்ணாடிக் குழாய்க்குள் பெரும்பாலான வண்ணங்கள் வெளுக்காமல் நின்றன. ஆக, வெளிச்சம் தனியாள் அல்ல. ஆக்ஸிஜனும் ஈரமும் அதற்குக் கூட்டாளிகள்.

வெளிச்சத்தின் அளவை லக்ஸ் என்ற அலகில் சொல்கிறார்கள். துணி, ஓவியத் தாள், ஓலைச்சுவடி போன்றவற்றுக்கு 50 லக்ஸ், எண்ணெய் ஓவியங்களுக்கு 200 லக்ஸ் என்பது அருங்காட்சியகங்களில் நெடுநாளாகப் புழங்கும் வரம்பு. எழும்பூரில் உள்ள ரவிவர்மாவின் ஓவியங்கள் இரண்டாம் வகையில் வரும். கருப்பூர்க் கலம்காரித் துணி முதல் வகை. உள்ளே நுழைந்தவுடன் கூடம் இருட்டாக இருக்கிறதே என்று முணுமுணுப்பவர்கள் சில நிமிடம் பொறுத்தால் கண் பழகிவிடும்.

இந்த வரம்புகளுக்குப் பின்னால் ஒரு பெருக்கல் இருக்கிறது. ஒளி செய்யும் சேதம் அதன் அளவையும் நேரத்தையும் பெருக்கினால் வருவது. 50 லக்ஸில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஒரு சேலையைக் காட்டினால் மொத்தம் 1,20,000 லக்ஸ்-மணி. நேரடி வெயிலின் அளவு ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். அதாவது, கூடத்தில் ஓராண்டு முழுக்கப் பட வேண்டிய வெளிச்சத்தை வெளியே கொடியில் உலர்த்தப்போட்ட சேலை 72 நிமிடத்தில் வாங்கிவிடுகிறது. வெயிலில் புற ஊதாக் கதிர் கூடுதல் என்பதால் சேதம் இன்னும் அதிகம்.

வெளுத்த சாயம் திரும்பாது. இருட்டறையில் பத்தாண்டு வைத்தாலும் போனது போனதுதான். எனவே காட்சிக்கு வைத்த துணியை மூன்று, நான்கு மாதங்களில் உள்ளே எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கிறார்கள். இந்தச் சிக்கனத்தைக் கறாராகச் சட்டமாக்கியவர் ஹென்றி வாகன் என்ற கலைச் சேகரிப்பாளர். ஆங்கில ஓவியர் டர்னர் தீட்டிய 38 நீர்வண்ண ஓவியங்களை 1900இல் ஸ்காட்லாந்து தேசிய கலைக்கூடத்துக்கு விட்டுச்சென்றபோது, ஜனவரி மாதம் மட்டுமே அவற்றைக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். எடின்பரோவில் வெயில் மிக மங்கலாக இருக்கும் மாதம் அது. நூறாண்டு கடந்தும் அந்தப் படங்களின் நீலமும் மஞ்சளும் புதிதாகவே இருக்கின்றன.

காற்றில் கரைந்த தண்ணீர்

சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் பல மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தவை. பல நூற்றாண்டுகள் புதைந்திருந்ததில் மண்ணின் குளோரைடு உப்பு உலோகத்துக்குள் ஊறியிருக்கும். வெளியே எடுத்துச் சுத்தம் செய்து வைத்தபிறகு, சில மாதங்களில் உடம்பில் இளம்பச்சைப் பொடி பூக்கத் தொடங்கும். இதை வெண்கல நோய் என்பார்கள். உள்ளே இருக்கும் செப்பு குளோரைடு காற்றின் ஈரத்தோடும் ஆக்ஸிஜனோடும் சேர்ந்து பச்சைப் பொடியாகவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகவும் மாறுகிறது. அந்த அமிலம் நல்ல செம்பைத் தின்று மறுபடியும் குளோரைடு ஆகிறது. ஈரம் கிடைக்கும்வரை இந்தச் சுழற்சி நிற்காது.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கிய வேதியியல் பாதுகாப்புக் கூடம் இந்த நோயோடுதான் முதலில் மல்லுக்கட்டியது. அங்கே பணியாற்றிய எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையைக் கையாண்டார். சிலையைக் காரக் கரைசலில் அமிழ்த்தி எதிர்மின்வாயாக இணைத்துச் சிறிய மின்னோட்டம் கொடுத்தால், குளோரைடு அயனிகள் உலோகத்தை விட்டு நேர்மின்வாயை நோக்கி நகரும். நாட்டின் தொடக்ககால அருங்காட்சியக ஆய்வுக்கூடங்களில் ஒன்றான அதில் பரமசிவன் தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களின் சுண்ணப் பூச்சையும் ஆராய்ந்தார்.

சிகிச்சை முடிந்தாலும் நோய் திரும்பலாம். அது வராமல் தடுக்கும் வழி காற்றை உலர்வாக வைத்திருப்பது. ஒப்பு ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வெண்கல நோய் பெரும்பாலும் அடங்கிவிடும். சென்னையின் கடற்காற்றில் அது சாதாரணமாக 70, 80 சதவீதம். ஆகவே மூடிய கண்ணாடிப் பெட்டியும் அதன் அடித்தட்டில் சிலிக்கா ஜெல்லும் தேவைப்படுகின்றன. பெட்டியின் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 20 கிலோ சிலிக்கா ஜெல் என்பது லண்டன் தேசிய கலைக்கூடத்தின் கேரி தாம்சன் சொன்ன கணக்கு.

இரும்பு இன்னும் கண்டிப்பானது. உப்பு ஊறிய பழைய இரும்புக்கு 20 சதவீதத்துக்கும் கீழே வறண்ட காற்று வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்புப் பயன்பாடு கி.மு. 2172க்குப் போகிறது என்று 2022இல் அறிவிக்கப்பட்டதிலிருந்து இந்த வட்டாரத்து இரும்புக்குத் தனி மதிப்பு வந்திருக்கிறது. இரும்பைக் காக்கும் அறிவோ இங்கே புதிதல்ல. தகடூரை ஆண்ட அதியமானின் தூதராகக் காஞ்சிக்குப் போன ஔவையார் தொண்டைமானின் படைக்கலங்களைப் பார்த்ததைச் சொல்லும் புறநானூற்றுப் பாட்டில், அந்த ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டுக் காவல் மிகுந்த மனையில் இருந்தன. ஔவையின் கிண்டலை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தால், நெய்ப் பூச்சு ஈரத்தையும் ஆக்ஸிஜனையும் இரும்பிடமிருந்து விலக்கி வைக்கும் முறையான பாதுகாப்பு. இன்றைய கூடங்களில் நெய்யின் இடத்தை மெழுகுப் பூச்சு பிடித்திருக்கிறது.

உலர்ந்த காற்றுதான் நல்லது என்று முடிவுகட்டிவிடவும் முடியாது. தஞ்சாவூர் ஓவியத்துக்கு அடியில் இருப்பது பலாப்பலகை. அதன்மேல் துணி, சுண்ணப் பூச்சு, கண்ணாடிக் கல், தங்கத்தாள். ஈரம் கூடினால் மரம் குறுக்குவாட்டில் விரியும், குறைந்தால் சுருங்கும். சுண்ணப் பூச்சால் அந்த ஆட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாது, வெடித்துப் பெயர்ந்துவிடும். பகலில் ஏசியைப் போட்டு மாலையில் அணைக்கும் கூடத்தில் பலகை தினமும் ஒரு முறை மூச்சு வாங்கி விடுகிறது. அதைவிட ஏசியே இல்லாத, தடித்த சுவருள்ள பழைய கட்டடம் நல்லது.

இரண்டாம் உலகப் போர் இதற்கு எதிர்பாராத சான்று தந்தது. குண்டுவீச்சுக்கு அஞ்சி லண்டன் தேசிய கலைக்கூடத்தின் ஓவியங்கள் 1941இல் வேல்ஸ் நாட்டு மானோட் மலைச்சுரங்கத்துக்குப் போயின. அங்கே வெப்பமும் ஈரமும் ஏறக்குறைய மாறாமல் இருந்தன. லண்டன் சுவரில் தொங்கியபோது ஓயாமல் கேட்ட பழுதுபார்ப்பு வேலை அங்கே வெகுவாகக் குறைந்தது. மாறாத காற்று வேண்டும் என்ற கொள்கை அருங்காட்சியகங்களில் வேரூன்றியதற்கு அந்தச் சுரங்க ஆண்டுகளும் ஒரு காரணம்.

பெட்டியே பகையானால்

பொருளைக் காக்கத்தான் கண்ணாடிப் பெட்டி. ஆனால் புதிதாகச் செய்த பெட்டியின் ஒட்டுப்பலகை, பசை, பெயிண்ட் எல்லாம் மாதக்கணக்கில் ஆவி விடும். அசெட்டிக் அமில ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கும், சங்கையும் கிளிஞ்சலையும் அரிக்கும். பின்னணிக்கு ஒட்டிய கம்பளித் துணியில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். காற்றுப் புகாமல் மூடிய பெட்டி என்பதால் ஆவி வெளியே போகவும் வழியில்லை.

1973இல் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆண்ட்ரூ ஆடி இதற்கு எளிய சோதனை ஒன்றை முன்வைத்தார். பெட்டியில் பயன்படுத்தப்போகும் பொருளின் ஒரு துண்டு, கொஞ்சம் தண்ணீர், வெள்ளி, ஈயம், செம்பு ஆகிய மூன்று உலோகத் தகடுகள், எல்லாவற்றையும் கண்ணாடிக் குடுவையில் அடைத்து 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 28 நாள் வைக்க வேண்டும். எந்தத் தகடு நிறம் மாறுகிறதோ அந்த உலோகத்துக்கு அந்தப் பலகையோ பசையோ ஆகாது. திறப்பு விழாத் தேதியைக் குறித்துவிட்டு அதற்கு முந்தின வாரம் தச்சரைக் கூப்பிடும் கூடங்களில் இந்த 28 நாளுக்கு இடமிருக்காது.

கையாள்வதும் தொங்கவிடுவதும்

வேறு ஊரிலிருந்து கடனாக வரும் பொருள் என்றால் பெட்டி வந்து இறங்கியதும் திறப்பதில்லை. புதிய கூடத்தின் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் மெல்லப் பழகட்டும் என்று 24 மணி நேரமாவது அப்படியே விட்டுவிடுவார்கள். திறந்ததும் பொருளின் ஒவ்வொரு கீறலையும் படம் பிடித்து நிலை அறிக்கை எழுதுவார்கள். கிளம்பும்போது எழுதிய அறிக்கையோடு ஒப்பிட்டு இரு தரப்பும் கையெழுத்திடும். உலோகத்தை வெறுங்கையால் தொட்டால் வியர்வை உப்பு சில வாரங்களில் விரல் ரேகையாகவே பதிந்துவிடும் என்பதால் கையுறை கட்டாயம்.

நடராசரைத் தூக்குகிறவர் திருவாசியையோ கையையோ பிடிக்கக் கூடாது; பீடத்தைத்தான் பிடிக்க வேண்டும். உற்சவத் திருமேனிகளின் பீடத்தில் வளையமோ துளையோ இருப்பதைக் கவனித்திருக்கலாம். வீதியுலாவின்போது மரச் சட்டத்தில் பிணைப்பதற்காக ஸ்தபதிகள் விட்டவை அவை. குலுக்கலுக்குப் பாதுகாப்பான பிடி எது என்ற கேள்விக்கு ஆயிரமாண்டுக்கு முன்பே தந்த விடை என்பதால், இன்று சிலையை நிறுத்துகிறவர்களுக்கும் அது உதவுகிறது.

ஓவியங்களைச் சுவரில் மாட்டுமுன் அதே அளவில் தாளை வெட்டி ஒட்டிப் பார்ப்பது வழக்கம். ஓவியத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் வருமாறு மாட்டினால் பெரியவர்களின் பார்வைக்குச் சரியாக இருக்கும். பத்து வயதுப் பிள்ளைகளின் கண் அதைவிட ஒரு சாண் கீழே. பள்ளிப் பேருந்துகளையே நம்பியிருக்கும் மாவட்ட அருங்காட்சியகங்களில் பெயர்ப்பலகையையாவது அவர்கள் உயரத்துக்கு இறக்கி வைக்கலாம். அதில் என்ன எழுதுவது என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. செங்கம் பக்கத்து எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு கோவிவன் என்ற நாயின் பெயரும் பொறித்திருக்கிறது. ‘நடுகல், பல்லவர் காலம்’ என்ற பலகையைக் கடந்து போகும் பிள்ளை, நாயின் பெயரைச் சொன்னால் நின்று பார்க்கும்.

அந்தப் பிள்ளைகளும் கணக்கில் வர வேண்டும். அமைதியாக நடந்துபோகும் ஒரு மனிதர் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தையும் மணிக்குச் சுமார் 50 கிராம் நீராவியையும் வெளிவிடுகிறார். 40 பேர் கொண்ட வகுப்பு ஒரு மணி நேரம் ஒரு கூடத்தில் நின்றால் இரண்டு லிட்டர் தண்ணீர் காற்றில் சேரும். பிரான்சின் லாஸ்கோ குகை 1940இல் கண்டுபிடிக்கப்பட்டு 1948இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. கூட்டத்தின் மூச்சுக்காற்றிலும் விளக்கொளியிலும் பாசி படர்ந்து, 1963இல் அதை மூடினார்கள். பல்லாயிரம் ஆண்டு தாங்கிய ஓவியங்கள் 15 ஆண்டுப் பார்வையைத் தாங்கவில்லை.

இவ்வளவும் பெரிய கூடங்களுக்குத்தான் என்று நினைக்க வேண்டியதில்லை. மாரண்டஹள்ளியில் ஒரு பள்ளி தன் வகுப்பறையில் ஊர்ப் பொருள்களை வைத்துக் கண்காட்சி நடத்தினாலும் இதே விதிகள்தான். நடுகல்லைப் பெயர்த்துக் கொண்டுவரக் கூடாது. அது நிற்கும் இடத்தைப் படமும் வரைபடமுமாகக் காட்டினால் போதும். உழும்போது புதையல் கிடைத்தால், 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பழைய சேலையையும் ஓலைச்சுவடியையும் சன்னலோரம் வைக்காமல் உள்சுவர் ஓரமாக வைக்கலாம். வெளிச்சத்தைக் கைப்பேசியிலேயே தோராயமாக அளக்கலாம். நாணயப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அது நிறம் மாறியதும் 120 டிகிரி வெப்பத்தில் சில மணி நேரம் காயவைத்தால் மறுபடி பயன்படும். எந்தத் துணி எத்தனை நாள், எத்தனை லக்ஸில் இருந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தால், அடுத்த ஆண்டு அதை வெளியே எடுக்கலாமா, வேறொன்றைக் கேட்டு வாங்கலாமா என்று அந்த நோட்டைப் பார்த்தே முடிவு செய்யலாம்.